கையெழுத்தின் விலை

பங்குச் சந்தையில் பதிவான இந்திய நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையைப் புரட்டினால், லாப நட்டக் கணக்கைத் தொடரும் குறிப்புகளுக்குள் தணிக்கையாளருக்குக் கொடுத்த தொகை நாலைந்து வரிகளில் அச்சாகியிருக்கும். தணிக்கைக்கு இவ்வளவு, வரி விவகாரங்களுக்கு இவ்வளவு, பிற பணிகளுக்கு இவ்வளவு, கைச்செலவுக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். ஆயிரக்கணக்கான கோடி விற்றுமுதல் காட்டும் அறிக்கையில் அந்த வரிகள் மேல் பங்குதாரர்களின் கண் நிற்பதில்லை. அந்தத் தொகை எப்படி முடிவாகிறது என்று தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: நிறுவனம் எவ்வளவு பெரிது, எத்தனை கிளை, எத்தனை துணை நிறுவனம், கிடங்கில் எவ்வளவு சரக்கு, வெளியே எவ்வளவு பாக்கி, எத்தனை பேர் எத்தனை நாள் உட்கார வேண்டும். பதில் சரிதான். ஆனால் அது பாதிப் பதில். கிடங்கில் சரக்கு நிறைந்திருந்தால் தணிக்கைக் கட்டணம் ஏன் கூட வேண்டும்? 1896-இல் அப்படிக் கூட வேண்டிய அவசியமே இல்லாதிருந்தது. இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால், கட்டணத்தை ஏற்றும் காரணிகளில் முக்கியமானவற்றுக்கு ஒரு பிறந்த தேதி இருப்பது தெரியவரும். பெரும்பாலும் அது ஏதோ ஒரு நிறுவனம் சரிந்து விழுந்த தேதி. ஒவ்வொரு சரிவுக்குப் பிறகும் தணிக்கையாளரின் தோளில் ஏற்றப்பட்ட பொறுப்புகளின் கூட்டுத்தொகைதான் இன்றைய தணிக்கைக் கட்டணம் என்பது என் வாதம்.

தொடக்கத்தில் தணிக்கை ஒரு தனித் தொழிலே அல்ல. பிரிட்டனில் 1844-இல் வந்த கூட்டுப் பங்கு நிறுவனச் சட்டம், பதிவுபெறும் நிறுவனங்கள் தணிக்கையாளரை நியமிக்க வேண்டும் என்றது. ரயில்வே போன்ற நிறுவனங்களுக்காக 1845-இல் வந்த சட்டமோ, தணிக்கையாளர் அந்த நிறுவனத்தில் குறைந்தது ஒரு பங்காவது வைத்திருக்க வேண்டும் என்றது. தன் பணம் போட்டவன் கண்ணுக்குத் தப்பு தெரியும் என்ற எளிய நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது. இன்று தணிக்கை செய்யும் நிறுவனத்தின் பங்கைத் தணிக்கையாளர் வைத்திருப்பதே தகுதியிழப்பு. அன்று அது தகுதி. அதே சட்டம் ஒரு சிறு கதவையும் திறந்து வைத்தது. அந்தப் பங்குதாரத் தணிக்கையாளர்கள் தேவைப்பட்டால் கணக்காளர்களை நிறுவனத்தின் செலவில் அமர்த்திக்கொள்ளலாம். தொழில்முறைத் தணிக்கைக்கான கூலி நிறுவனத்தின் பெட்டியிலிருந்து வெளியேறிய முதல் வழிகளில் இதுவும் ஒன்று. ரயில்வே பங்குகளின் மோகம் அடங்கிய 1849-இல், ‘ரயில்வே அரசன்’ என்று புகழ்பெற்ற ஜார்ஜ் ஹட்சன் மூலதனத்திலிருந்தே லாபப் பங்கு கொடுத்துவந்தது அம்பலமானது. அதே ஆண்டில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் தணிக்கையாளர்களுக்கு உதவ வில்லியம் வெல்ச் டெலாய்ட் அழைக்கப்பட்டார். பங்குதாரர்களுக்குப் பயம் வந்ததும் கணக்காளருக்கு வேலை வந்தது. பயம் தணிந்ததும் சட்டமும் தளர்ந்தது. 1856-இன் நிறுவனச் சட்டம் தணிக்கையைக் கட்டாயமல்ல என்று ஆக்கிவிட்டது.

அந்தத் தளர்வு நெடுங்காலம் நீடித்தது. 1878 அக்டோபரில் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி கதவை மூடியது. பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு இல்லாத வங்கி அது. சுமார் 1,800 பங்குதாரர்களில் பெரும்பாலோர், வங்கியின் கடனை அடைக்கத் தங்கள் சொத்தைப் பறிகொடுத்துத் திவாலானார்கள். மறு ஆண்டிலேயே, வரையறுத்த பொறுப்புடன் பதிவாகும் வங்கிகளுக்கு ஆண்டுத் தணிக்கை கட்டாயமானது. 1900-இன் சட்டம் அந்தக் கட்டாயத்தை எல்லா நிறுவனங்களுக்கும் விரித்தது. தணிக்கையாளரின் ஊதியத்தை நிறுவனத்தின் பொதுக்கூட்டமே நிர்ணயிக்க வேண்டும் என்றும் எழுதியது. இரண்டு சட்டங்களுக்கும் நடுவே நீதிமன்றங்கள் ஒரு கேள்வியைத் தீர்க்க வேண்டியிருந்தது: இந்தத் தணிக்கையாளர் எதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்? 1896-இல் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கில் விடை வந்தது. அந்த ஆலையின் மேலாளர் பல ஆண்டுகளாகப் பஞ்சு, நூல் இருப்பைக் கூட்டிக் காட்டியிருந்தார். தணிக்கையாளர்கள் அவர் கொடுத்த சான்றை நம்பிக் கையெழுத்திட்டார்கள். சரக்கை எண்ணிப் பார்ப்பது தணிக்கையாளரின் கடமை அல்ல என்றது நீதிமன்றம். அவர் காவல் நாய், மோப்ப நாய் அல்லர் என்று நீதிபதி லோப்ஸ் சொன்னது தணிக்கைப் பாடநூல்களில் இன்றும் நிற்கிறது. தீர்ப்பு பொறுப்புக்கு எல்லை கட்டியது. அதனால் உழைப்புக்கும் எல்லை வந்தது. அதனால் கட்டணத்துக்கும் எல்லை வந்தது. கிடங்கில் பத்து பொதி இருந்தாலும் பத்தாயிரம் பொதி இருந்தாலும் தணிக்கையாளர் பார்க்க வேண்டியது மேலாளரின் ஒரு தாளைத்தான்.

இந்தியாவுக்கு இந்தச் சட்டங்கள் கப்பலேறி வந்தன. ஆனால் சென்னைக்குத் தணிக்கையின் அருமையைச் சொல்லிக்கொடுக்க லண்டன் தீர்ப்பு தேவைப்படவில்லை. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி வீழ்ந்தது. மாகாணம் முழுவதும் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் சிறு வணிகர்களும் பணம் போட்டிருந்த பெயர்பெற்ற ஸ்தாபனம் அது. அதை நடத்தியவர்கள் சிலர் சேர்ந்த கூட்டாண்மையாகவே நடத்தினார்கள். கணக்கை வெளியார் ஒருவரிடம் காட்டியாக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை சென்றார். அடுத்த ஆண்டே வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று இந்தியன் வங்கியைத் தொடங்கினார். தணிக்கைக் கட்டணமே இல்லாத இடத்தில் அந்தச் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதற்குத் தமிழ்நாட்டின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை. வைப்பாளர்கள் அதை மொத்தமாகக் கட்டினார்கள். 1913-இன் இந்திய நிறுவனச் சட்டம் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. அரசின் சான்று பெற்றவரே தணிக்கையாளராகலாம் என்றது. ஊதியத்தைப் பொதுக்கூட்டம் நிர்ணயிக்கும் என்ற விதியும் வந்தது. ஆனால் அன்றைய பெரிய கம்பெனிகளை நடத்தியவர்கள் நிர்வாக முகமைகள். ஒரே முகமையின் கீழ் ஆலை, தோட்டம், கப்பல், காப்பீடு என்று பல கம்பெனிகள் இருந்தன. பொதுக்கூட்டத்தின் வாக்குகளும் பெரும்பாலும் அந்த முகமையின் கையில்தான். ஒரு கம்பெனியின் தணிக்கையை இழப்பவர் மற்றக் கம்பெனிகளையும் சேர்த்து இழக்கும் நிலையில் இருந்தார். 1970-இல் நிர்வாக முகமை முறை ஒழியும் வரை, கூட்டம் நிர்ணயிக்கும் ஊதியம் என்பது பல கம்பெனிகளில் முகமை நிர்ணயிக்கும் ஊதியமாகவே இருந்திருக்க முடியும்.

இனி, இன்றைய கட்டணச் சூத்திரத்தில் இடம்பெறும் காரணிகளின் பிறப்பைப் பார்க்கலாம். முதலில் துணை நிறுவனங்களின் எண்ணிக்கை. வடசென்னையில் விம்கோ நகர் என்ற ஊர் இருக்கிறது. மெட்ரோ ரயில் நிலையத்துக்கும் அதே பெயர். விம்கோ என்பது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. ஸ்வீடனின் தீப்பெட்டி நிறுவனம் 1923-இல் இந்தியாவில் தொடங்கியது. அந்த ஸ்வீடிஷ் நிறுவனத்தை உலகம் முழுக்க விரித்தவர் ஈவார் க்ரூகர். ‘தீப்பெட்டி அரசன்’ என்று அழைக்கப்பட்டவர். நாடு நாடாகக் கிளை நிறுவனங்கள், அவற்றுக்குக் கீழ் வேறு நிறுவனங்கள், ஒன்றின் கடன் மற்றொன்றின் சொத்து என்று அவர் கட்டிய கோட்டையை எந்த ஒரு தணிக்கையாளரும் முழுமையாகச் சுற்றிப் பார்த்ததில்லை. 1932 மார்ச்சில் பாரிஸில் அவர் தற்கொலை செய்துகொண்ட பிறகே, ப்ரைஸ் வாட்டர்ஹவுஸ் கணக்காளர்கள் அந்தப் பேரேடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்துப் பித்தலாட்டத்தைக் கண்டார்கள். மறு ஆண்டே அமெரிக்காவில் பங்குப் பத்திரச் சட்டம் வந்தது; பொதுமக்களுக்குப் பங்கு விற்பவரின் கணக்குக்குச் சுதந்திரமான கணக்காளரின் சான்று கட்டாயமானது. பிரிட்டனில் 1948-இன் சட்டத்தின் வழியாகத் தாய் நிறுவனம் தன் குழுமத்தின் ஒருங்கிணைந்த கணக்கைக் காட்ட வேண்டியதாயிற்று. இந்தியாவில் பங்குச் சந்தையில் பதிவான நிறுவனங்களுக்கு அது 2001 வாக்கிலும், மற்ற நிறுவனங்களுக்கு 2013-இன் சட்டத்திலும் வந்தது. ஒரு குழுமத்தில் எத்தனை நிறுவனம் என்ற கேள்வி கட்டணத்துக்குள் நுழைந்த வழி இதுதான். அதற்கு முன்பும் துணை நிறுவனங்கள் இருந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் கடமைதான் யாருக்கும் இல்லை.

அடுத்தது சரக்கும் வரவேண்டிய பாக்கியும். 1938 டிசம்பரில் அமெரிக்காவின் பெரிய மருந்து நிறுவனங்களில் ஒன்றான மெக்கெஸன் அண்ட் ராபின்ஸின் கதை வெளியே வந்தது. அதன் தலைவராக இருந்தவர் பெயரை மாற்றிக்கொண்ட பழைய குற்றவாளி பிலிப் முசிகா. நிறுவனம் காட்டிய 8.7 கோடி டாலர் சொத்தில் ஏறத்தாழ 1.9 கோடி டாலர் கற்பனை. இல்லாத கிடங்குகளில் இல்லாத மருந்துச் சரக்கு. இல்லாத வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி. தணிக்கை செய்த ப்ரைஸ் வாட்டர்ஹவுஸ் அன்றைய வழக்கப்படிதான் வேலை செய்திருந்தது. சரக்கை நேரில் பார்ப்பதும் பாக்கிதாரருக்குக் கடிதம் எழுதி உறுதி கேட்பதும் வழக்கத்தில் கட்டாயமாக இல்லை. இருந்தும் அந்த நிறுவனம் 1933 முதல் பெற்ற கட்டணமான 5 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையைத் திருப்பிக் கொடுத்தது. 1939-இல் அமெரிக்கக் கணக்காளர் சங்கம் சரக்கு எண்ணப்படும் இடத்தில் தணிக்கையாளர் இருக்க வேண்டும், பாக்கிகளை நேரடியாக உறுதிசெய்ய வேண்டும் என்று விதி செய்தது. கிங்ஸ்டன் தீர்ப்பு அகற்றியிருந்த சுமை நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்கத் தணிக்கையாளரின் தோளில் ஏறியது. அந்த நாளிலிருந்து கிடங்குக்கு ஆள் அனுப்ப வேண்டும், மூட்டைகளுக்கு நடுவே நிற்க வேண்டும், நூற்றுக்கணக்கான கடிதங்கள் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கெல்லாம் நாளும் ஆளும் வேண்டும். அவற்றின் விலை கட்டணத்தில் ஏறத்தான் வேண்டும்.

இந்த ஏற்றம் எண்களில் பதிவானதைப் பின்னாளில் ஒருவர் கண்டார். 1980-இல் டான் சிமுனிக் வெளியிட்ட ஆய்வு தணிக்கைக் கட்டணம் பற்றிய ஆய்வுகளுக்கெல்லாம் தாய். 1977-இல் அமெரிக்காவின் 397 பொது நிறுவனங்களிடம் கேட்டுப் பெற்ற தரவை அவர் பயன்படுத்தினார். அவருடைய சிந்தனை எளிமையானது: தணிக்கையாளர் கேட்கும் விலையில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று உழைப்பின் செலவு. மற்றது, பின்னால் தவறு வெளிப்பட்டால் தான் கட்ட நேரக்கூடிய இழப்பீட்டின் எதிர்பார்ப்பு. நிறுவனத்தின் அளவு, துணை நிறுவனங்களின் எண்ணிக்கை, மொத்தச் சொத்தில் சரக்கும் வரவேண்டிய பாக்கியும் எவ்வளவு பங்கு, நிறுவனம் நட்டத்தில் இருக்கிறதா ஆகியவை கட்டணத்தோடு நெருங்கிய தொடர்புள்ளவை என்று அவர் காட்டினார். அதன் பிறகு பல நாடுகளில் பலர் செய்த ஆய்வுகளில் இவையே திரும்பத் திரும்ப வருகின்றன. பட்டியலை மறுபடி வாசியுங்கள். துணை நிறுவனங்கள் க்ரூகரின் நினைவு. சரக்கும் பாக்கியும் முசிகாவின் நினைவு. புள்ளியியல் அட்டவணையில் ஒரு பெருக்கெண்ணாக உட்கார்ந்திருப்பது ஒரு பழைய வடு.

இங்கே வலுவான ஆட்சேபம் ஒன்று எழும். ஆய்வுகள் எல்லாவற்றிலும் கட்டண வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்குவது நிறுவனத்தின் அளவுதான். பெரிய நிறுவனத்துக்குப் பெரிய கட்டணம் என்பது பொதுப்புத்தி. இதில் சரிவுகளுக்கும் சட்டங்களுக்கும் என்ன வேலை? இந்த ஆட்சேபத்தில் உண்மை உண்டு. ஆனால் அது வேறு கேள்விக்கான பதில். ஒரே ஆண்டில் இரண்டு நிறுவனங்களை அருகருகே வைத்து எது அதிகம் கட்டுகிறது என்று கேட்டால் அளவு விடை சொல்லும். ஒரே நிறுவனம் இருபது ஆண்டு இடைவெளியில் ஏன் வேறு விலை கட்டுகிறது என்று கேட்டால் அளவு மட்டும் போதாது. அளவின் விளைவும் ஒரே நேர்கோட்டில் போவதில்லை. சொத்து இரட்டிப்பதால் கட்டணம் இரட்டிப்பதில்லை; மாதிரி எடுத்துச் சோதிக்கும் முறையில் ஒரு கோடி பற்றுச்சீட்டுகளுக்கு ஒரு லட்சத்துக்குத் தேவையானதைப் போல நூறு மடங்கு உழைப்பு தேவையில்லை. ஆகவே அளவு என்பது ஒரு பெருக்கி மட்டுமே. எதைப் பெருக்குகிறது என்பதைத் தீர்மானிப்பது கடமை. கடமையைத் தீர்மானிப்பது சட்டம். சட்டத்தை எழுதவைப்பது பெரும்பாலும் சரிவு.

இதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்காவில் 2002-க்குப் பின் நடந்தது. என்ரான் நிறுவனம் 2000-ஆம் ஆண்டுக்குத் தணிக்கை நிறுவனமான ஆர்தர் ஆண்டர்சனுக்குத் தணிக்கைக்காக 2.5 கோடி டாலரும், பிற பணிகளுக்காக 2.7 கோடி டாலரும் கொடுத்திருந்தது. இந்தத் தொகை வெளியே தெரிந்ததே, அமெரிக்க நிறுவனங்கள் இத்தகைய கட்டணங்களைப் பங்குதாரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி 2001-இல் நடைமுறைக்கு வந்ததால்தான். என்ரான் விழுந்தது; ஆண்டர்சனும் விழுந்தது. 2002-இன் சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டம், தணிக்கையாளரை அமர்த்தி அவருக்கு ஊதியம் நிர்ணயிக்கும் வேலையை நிர்வாகத்திடமிருந்து எடுத்து இயக்குநர்களின் தணிக்கைக் குழுவிடம் கொடுத்தது. நிறுவனத்தின் உள்கட்டுப்பாடுகள் பற்றியும் தணிக்கையாளர் கருத்துச் சொல்ல வேண்டும் என்றது. நிறுவனங்கள் ஓரிரு ஆண்டுகளில் வளர்ந்துவிடவில்லை. கட்டணம் மட்டும் வேகமாக ஏறியது. சிறிய நிறுவனங்கள் செலவு தாங்கவில்லை என்று குரல் எழுப்பின. 2007-இல் தணிக்கை விதி எளிமையாக்கப்பட்டது. 2010-இல் சந்தை மதிப்பு 7.5 கோடி டாலருக்குக் குறைந்த நிறுவனங்களுக்கு அந்தக் கூடுதல் சான்றிலிருந்து நிரந்தர விலக்கு கிடைத்தது. சட்டம் சுமையை ஏற்றியபோது விலை ஏறியது. விலை வலித்தவர்கள் சந்தையிடம் போகவில்லை, சட்டத்திடம் போய்ச் சுமையை இறக்கச் சொன்னார்கள். கட்டணத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் சரியாகவே அறிந்திருந்தார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் போட்டியைப் பற்றியது. அமெரிக்கக் கணக்காளர் சங்கம் விலைப்புள்ளி கொடுத்துப் போட்டியிடுவதை நெடுங்காலம் தடுத்துவந்தது. போட்டித் தடைச் சட்டத்தின் நெருக்கடியால் 1972-இல் அந்தத் தடையையும், 1970-களின் இறுதியில் விளம்பரத் தடையையும் கைவிட்டது. பிறகு தணிக்கை நிறுவனங்கள் ஒன்றையொன்று குறைத்துக் கேட்டன. முதல் ஆண்டில் நட்டத்துக்கே வேலையை எடுத்துப் பின்னால் ஈடுகட்டும் வழக்கம் பேசுபொருளானது. கடமை மாறாமலே விலை இறங்கியதே, உன் வாதம் என்னாயிற்று என்று கேட்கலாம். விலை இறங்கியது உண்மை. ஆனால் தணிக்கை மற்றப் பண்டங்களைப் போன்றதல்ல. அரிசி மட்டமானால் சோறு காட்டிக்கொடுத்துவிடும். தணிக்கையில் குறைத்த உழைப்பு கையெழுத்தில் தெரியாது; பத்து ஆண்டு கழித்து ஒரு சரிவில்தான் தெரியும். ஆகவே போட்டி, கடமையின் கண்ணுக்குத் தெரியாத பகுதியையே முதலில் அரிக்கிறது. தணிக்கையாளரின் பொறுப்புகளை ஆராய்ந்த கோஹன் ஆணையம் 1978-இலேயே நேர நெருக்கடியையும் செலவு நெருக்கடியையும் ஆபத்தாகச் சுட்டியது. கடமை மீறலுக்கான விலை கடுமையாக இல்லாத இடத்தில்தான் போட்டி இப்படி அரிக்க முடியும். இது என் வாதத்தை உடைக்கவில்லை. அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது.

இந்தியா இந்தப் போட்டியை வேறு விதமாகக் கையாண்டது. 1949-இல் பட்டயக் கணக்காளர் சட்டம் வந்து, ஜூலை 1-ஆம் தேதி பட்டயக் கணக்காளர் கழகம் பிறந்தது. விளம்பரம் செய்து வாடிக்கையாளரைத் தேடுவது நடத்தைப் பிழை. லாபத்தில் சதவீதமாகக் கட்டணம் பேசுவதும் பிழை. முன்னிருந்தவரைவிடக் குறைத்துக் கேட்டு வேலையைப் பிடிப்பதும் பிழை. கடைசியாகச் சொன்ன விதி 2006-இன் திருத்தத்தில் நீங்கியது. 1974-இல் ஒரு தணிக்கையாளர் 20 நிறுவனங்களுக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற வரம்பும் வந்தது. இவ்வளவு வேலி இருந்தும் சிறு, நடுத்தர நிறுவனங்களில் தணிக்கைக்கென்று தனி விலை உருவாகவே இல்லை என்பதே என் கணிப்பு. காரணம் நம் பேச்சிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் பட்டயக் கணக்காளரை யாரும் பட்டயக் கணக்காளர் என்று சொல்வதில்லை; அவர் ‘ஆடிட்டர்’. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வது, கம்பெனிப் பதிவாளருக்குப் படிவம் அனுப்புவது, வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை தயாரிப்பது, இன்று ஜி.எஸ்.டி. பார்ப்பது எல்லாம் ‘ஆடிட்டர் வேலை’. எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘ஆடிட்டர் ஃபீஸ்’. 1984-இல் வருமான வரிச் சட்டத்தில் வரித் தணிக்கை வந்தபோது இந்தக் கலவை இன்னும் இறுகியது. முதலாளிக்கு அந்தக் கட்டணம் வரித் தொல்லையிலிருந்து காப்பாற்றுபவருக்கான கூலி; கணக்கைச் சந்தேகித்துப் பார்ப்பவருக்கான கூலியாக அவர் அதைப் பார்ப்பதில்லை. உதவுபவரும் சந்தேகிப்பவரும் ஒரே ஆளாக, ஒரே பில்லில் வரும்போது, சந்தேகத்தின் விலை தனியாகத் தெரிவதில்லை. தெரியாத விலை உயர்வதும் இல்லை.

அப்படியென்றால் கட்டணத்தை அரசோ ஒழுங்காற்று அமைப்போ நிர்ணயித்துவிட்டால் என்ன என்பது மூன்றாவது ஆட்சேபம். சோதிக்கப்படுபவனே சோதிப்பவனுக்குச் சம்பளம் கொடுக்கும் முரண் அதனால் தீரும் என்று பலர் நம்புகிறார்கள். இந்தியாவில் இதற்குப் பெரிய முன்னனுபவம் உண்டு. 1969-இல் நாட்டுடைமையான வங்கிகளுக்கான 1970-இன் சட்டம், தணிக்கையாளரின் ஊதியத்தை மத்திய அரசைக் கலந்து ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும் என்றது. கிளைத் தணிக்கைக்குக் கட்டணம் அந்தக் கிளை கொடுத்திருக்கும் கடனின் அளவை ஒட்டிப் படிப்படியாக ஏறும் அட்டவணையில் அமைந்தது. 2025-இல் சட்டம் திருத்தப்படும் வரை, ஒவ்வோர் ஏப்ரலிலும் ஊர் ஊராகப் பட்டயக் கணக்காளர்கள் வங்கிக் கிளைகளுக்குப் போனது இந்த முறையில்தான். வாடிக்கையாளரிடம் பேரம் பேச வேண்டியிருக்கவில்லை என்பது இதன் நன்மை. ஆனால் அட்டவணை பார்த்தது கணக்கில் ஏறிய கடனை மட்டும். 2018-இல் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியில், மும்பைக் கிளையொன்றிலிருந்து போன உறுதிக் கடிதங்கள் வங்கியின் மையக் கணினி அமைப்பில் பதிவே ஆகவில்லை. கணக்கில் இல்லாத பொறுப்பு எந்தக் கட்டண அட்டவணையிலும் ஏறாது. அளவைக் கொண்டு விலை வைத்தால் அளவுக்குத்தான் விலை கிடைக்கும், ஆபத்துக்குக் கிடைக்காது. யார் கட்டணம் வைக்கிறார் என்பதைவிட, எதற்காக வைக்கிறார் என்பதே முக்கியம்.

நான்காவது ஆட்சேபம் எல்லாவற்றையும்விடக் கசப்பானது. கட்டணம் உயர்ந்திருந்தால் மட்டும் தணிக்கை நன்றாக நடந்துவிடுமா? என்ரானில் கட்டணத்துக்குக் குறைவில்லை. 2009 ஜனவரி 7-இல் சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம், ஏட்டில் இருந்த ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. தணிக்கை செய்தவர்கள் உலகப் பெயர் பெற்ற குழுமத்தின் இந்திய நிறுவனத்தார். வங்கி இருப்பை உறுதிசெய்யும் கடிதப் போக்குவரத்தைத் தங்கள் கையில் வைத்திருக்க அவர்கள் தவறினார்கள் என்று அமெரிக்க ஒழுங்காற்று அமைப்பு 2011-இல் கண்டது. மெக்கெஸனுக்குப் பிறகு எழுபது ஆண்டுகள் கழிந்தும் கடமை காகிதத்தில் இருந்தது, விலையும் வாங்கப்பட்டது, வேலை நடக்கவில்லை. ஆகவே உயர்ந்த கட்டணம் நல்ல தணிக்கைக்கு உத்தரவாதம் என்று நான் சொல்லவில்லை. கட்டணம் ஒரு வாக்குறுதியின் விலை. வாக்கு மீறப்பட்டால் விலையைத் திருப்பிக் கேட்கும் உரிமை இருந்தால்தான் அந்த விலைக்குப் பொருள் உண்டு. 2018-இல் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி, அந்தத் தணிக்கையாளர்கள் சத்யத்தின் வழியாகப் பெற்ற 13.09 கோடி ரூபாயை வட்டியோடு திருப்பிக் கட்டச் சொன்னது. 2019-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் செபி விதித்திருந்த தொழில் தடையை நீக்கினாலும் அந்தத் தொகையைத் திருப்பும் பகுதியை நிலைநிறுத்தியது.

2013-இன் நிறுவனச் சட்டம் இந்த வரலாற்றை முழுவதுமாகத் தன்னுள் வைத்திருக்கிறது. தண்டனை பெற்ற தணிக்கையாளர் கட்டணத்தை நிறுவனத்துக்குத் திருப்ப வேண்டும் என்கிறது. மெக்கெஸன் விவகாரத்தில் தானாக நடந்தது இங்கே கட்டளையாகிவிட்டது. கணக்கெழுதுதல், உள்தணிக்கை, நிர்வாக ஆலோசனை போன்ற பணிகளைத் தணிக்கையாளர் செய்யக்கூடாது என்று தடுத்தது. என்ரானின் பாடம் அது. உள்கட்டுப்பாடு பற்றிக் கருத்துச் சொல்லவைத்தது. பதிவான நிறுவனங்களில் ஒரே தணிக்கை நிறுவனம் பத்து ஆண்டுக்கு மேல் தொடரக்கூடாது என்றது. இவை ஒவ்வொன்றும் கட்டணத்தைத் தொடும். ஆனால் ஒரு இடத்தில் சட்டம் இடறுகிறது என்று நினைக்கிறேன். 2018 அக்டோபரில் அமைந்த தேசிய நிதி அறிக்கை ஆணையம் தணிக்கை நிறுவனத்துக்கு விதிக்கும் அபராதத்தின் உச்சம், பெற்ற கட்டணத்தின் பத்து மடங்கு. கட்டணமே தண்டனையின் அளவுகோல். குறைந்த விலைக்கு வேலையை எடுத்து அரைகுறையாக முடிப்பவருக்கு அபராதத்தின் உச்சவரம்பும் தாழ்ந்திருக்கும். பொறுப்பின் விலையாக இருக்க வேண்டிய கட்டணம், பொறுப்பின் எல்லையாக மாறிவிடும் அபாயம் இதில் உண்டு. தண்டனையை, தவறால் முதலீட்டாளர்கள் இழந்ததோடு இணைப்பதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

இன்று பதிவான நிறுவனம் புதிய தணிக்கையாளரை நியமிக்கும்போது, பங்குதாரர்களுக்கு அனுப்பும் கூட்ட அறிவிப்பிலேயே அவருக்குத் தரப்போகும் கட்டணத்தையும், முன்னவர் பெற்றதிலிருந்து பெரிதாக மாறினால் அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. இந்த விதியைச் சிறிதாக எண்ணிவிடக் கூடாது. கட்டணம் குறைந்தால், எந்த வேலையை விடப்போகிறார்கள் என்று கேட்கலாம். கூடினால், எந்தப் புதிய ஆபத்தைப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். தொழில் இரட்டித்தும் கட்டணம் அசையவே இல்லையென்றால், அதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. 1845-இன் சட்டம் தணிக்கையாளரிடம் ஒரு பங்கையாவது கேட்டது. பிறகு வந்த ஒன்றே முக்கால் நூற்றாண்டு அந்த வேலையைப் பங்குதாரரிடமிருந்து வாங்கித் தொழிலாளியிடம் ஒப்படைத்தது; அது அவசியமாகவே நடந்தது. ஆனால் அந்தத் தொழிலாளிக்கு என்ன கூலி, எதற்காகக் கூலி என்று முடிவு செய்யும் கூட்டத்தில் கை தூக்கும் உரிமை இன்னும் பங்கு வைத்திருப்பவரிடமே இருக்கிறது. ஆர்பத்நாட்டின் வைப்பாளர்களுக்கு அந்தக் கூட்டமும் இல்லை, அந்த வரியும் இல்லை. ஆண்டறிக்கையின் குறிப்புகளுக்குள் கிடக்கும் அந்த நாலைந்து வரிகளை நின்று வாசிப்பது, அவர்கள் கட்டிய விலையை நாம் மறுபடி கட்டாமலிருக்கச் செய்யக்கூடிய முதல் வேலை.